மஃரிபுக்குப் பின் மேற்கே பாருங்கள்

(கல்முனையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறையைப் பற்றிப் பேச ஒரு மௌலவியைக் கூப்பிடாமல் விஞ்ஞான வாத்தியார் ஒருவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று பின்வரிசையில் ஒரு ஹாஜியார் கேட்டாராம். நியாயமான கேள்வி. எந்தச் சாட்சியை ஏற்பது, எதைத் தள்ளுவது, உள்நாட்டுப் பிறையா சர்வதேசப் பிறையா என்பதெல்லாம் உலமாக்களின் வேலை. அதில் நான் கைவைக்க மாட்டேன். பிறை வானத்தில் எந்த இடத்தில் நிற்கும், எத்தனை நிமிடம் நிற்கும், எதைப் பார்த்துப் பிறை என்று நம்பி ஏமாறுவோம் என்பது மட்டும்தான் என் பாடம். அதோடு வெள்ளி, வியாழன் கிரகங்களும் சேர்ந்து வரும். அவை ஏன் வருகின்றன என்பதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நம்மூரின் ஒரு சங்கடம். ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் ஊரே எங்கே ஓடுகிறது? கடற்கரைக்கு. வெளியான இடம், காற்று வரும், கூட்டாளிமார் வருவார்கள். ஆனால் நம் கடல் கிழக்கே இருக்கிறது. கொழும்பு காலிமுகத்திடலில் நிற்பவனுக்குச் சூரியன் கடலுக்குள் இறங்கும். பொத்துவிலில் இருந்து மருதமுனை வரை நமக்குச் சூரியன் இறங்குவது வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள். ஆகவே கடற்கரைக்குப் போனவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அப்படித் திரும்பினால் கண்ணில் படுவது என்ன? தென்னை மரம், மாடிவீடு, தண்ணீர்த் தாங்கி, தொலைபேசிக் கோபுரம். அடிவானத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் அவை மறைத்துவிடும். தலைப்பிறை நிற்பதோ சரியாக அந்தக் கீழ்ப்பகுதியில்.

பிறை பார்க்க வேண்டியவர்கள் ஊரைத் தாண்டி மேற்கே போக வேண்டும். கிட்டங்கிப் பக்கம் போய் நின்று பாருங்கள். கரைவாகு வட்டையின் வரம்பில் நின்று பாருங்கள். சம்மாந்துறைக்காரர்களுக்கு இந்த வசதி வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. அறுவடை முடிந்த வயலுக்கு அப்பால் தூரத்து மலைகள் நீலக்கோடாகத் தெரியும் வரைக்கும் குறுக்கே ஒன்றும் இல்லை. கடற்கரையைப் பதினான்காம் பிறைக்கு வைத்துக்கொள்வோம். முழு நிலவு கடலிலிருந்து எழுவதைப் பார்க்க இலங்கையில் நம் கரையை மிஞ்சிய இடமில்லை.

இந்த ஊர் பிறையை வைத்து நாளைக் கணக்கிடும் ஊர். நாகூர் ஆண்டகை நினைவாகக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடி ஏறுவது ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு. கந்தூரி, மவ்லிது, ஒடுக்கத்துப் புதன் எல்லாவற்றுக்கும் பிறைக் கணக்குத்தான். கரைவலைக்காரருக்கும் நிலவுக் காலம் வேறு, இருட்டுக் காலம் வேறு. ஆனாலும் பெரும்பாலானோர் மேற்கு வானத்தை உற்றுப் பார்ப்பது வருடத்தில் இரண்டு மூன்று மாலைகளில்தான். நோன்புக்கு ஒரு தடவை, பெருநாளுக்கு ஒரு தடவை, ஹஜ்ஜுக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் அந்த வானம் நமக்கு அந்நியம். அந்நியமான இடத்தில் மயிரளவு மெல்லிய ஒன்றைத் தேடச் சொன்னால் யாருக்குத்தான் கிடைக்கும்?

சந்திரன் வானத்தில் கண்டபடி அலைவதில்லை. அதற்கு ஒரு பாதை உண்டு. சூரியன் போகும் பாதையை ஒட்டி, அதிலிருந்து அதிகபட்சம் ஐந்து பாகைக்குச் சற்று மேல் மட்டுமே விலகி அது போகிறது. வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி, புதன் எல்லாமே ஏறத்தாழ அந்தப் பாதையில்தான் நடக்கின்றன. சூரியக் குடும்பம் தட்டையாக அமைந்திருப்பதே காரணம். அரபிகள் அந்தப் பாதையை 28 மன்ஸில்களாகப் பிரித்தார்கள், நம் பஞ்சாங்கக்காரர்கள் 27 நட்சத்திரங்களாகப் பிரித்தார்கள். இரு தரப்பாரும் பார்த்தது ஒரே பாதையைத்தான். சந்திரன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வர 27 நாளும் ஏறத்தாழ எட்டு மணி நேரமும் எடுக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சூரியன் மறைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தியில் வெள்ளி தெரிந்தால் அதையும், வியாழன் தெரிந்தால் அதையும் மனக்கோட்டால் சூரியன் மறைந்த இடத்தோடு சேருங்கள். அதுதான் பாதை. தலைப்பிறை அந்தக் கோட்டை ஒட்டியே, அதன் அடியில் நிற்கும். வானம் முழுவதையும் துழாவத் தேவையில்லை. சாதாரண நாட்களில் இந்தப் பாதையைப் பார்த்துப் பழகியவனுக்கு இருபத்தொன்பதாம் நாள் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளியால் இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் வானத்தைப் பார்க்கும்போது கண் தூரத்தில் குவிவதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இல்லாததால் தானாகவே கிட்டத்துக்கு வந்து நின்றுவிடும். அப்போது பிறை நேர் எதிரே நின்றாலும் அது மங்கிக் கரைந்து போகும். முதலில் வெள்ளியைச் சில விநாடி பார்த்துவிட்டு, கண்ணை அப்படியே கீழே இறக்குங்கள். வெள்ளி இல்லாத மாலையில் தூரத்து மலையுச்சியைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

அளவுக்குக் கையே போதும். கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் பத்துப் பாகை. சின்னப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வரும். முஷ்டி சிறிதானால் கையின் நீளமும் குறைவுதானே. சூரியனை விட்டுச் சந்திரன் நாளொன்றுக்கு ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக விலகுகிறது. பிரெஞ்சு வானியலாளர் அந்திரே தான்ஜோன் 1930களில் ஒரு எல்லையைச் சொன்னார்: சூரியனிலிருந்து ஏழு பாகைக்குள் சந்திரன் இருந்தால் பிறை கண்ணுக்குத் தெரியாது. முக்கால் முஷ்டிகூட இல்லை. அதற்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே, 929இல் மறைந்த அல் பத்தானி, பிறை தெரிவதற்கான கணக்கைத் தன் நூலில் ஓர் அத்தியாயமாக எழுதி வைத்திருந்தார். கணக்கு வெள்ளைக்காரனின் சரக்கு என்று நினைக்கும் தம்பிமாருக்காக இதைச் சொல்கிறேன்.

எப்போது பார்ப்பது? சூரியன் மறைந்த உடனே வானம் வெளிச்சமாக இருக்கும். பிறையின் ஒளி அதில் அடிபட்டுப் போகும். அதிகம் தாமதித்தால் பிறை தாழ்ந்து புகாரில் மூழ்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து ஒரு நல்ல இடைவெளி கிடைக்கிறது. அதாவது ஜமாஅத் முடிந்து நாம் வெளியே வரும் நேரம். சுன்னத்தையும் தொழுது, செருப்பைத் தேடி, பள்ளி வாசலில் நின்று கதைத்துவிட்டு வந்தால் அந்த இடைவெளி போய்விடும். பிறையைப் பெரும்பாலும் சிறுபிள்ளைகளே முதலில் காண்பதற்குக் கூர்மையான கண் மட்டும் காரணமல்ல. அவர்கள் பந்தடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறார்கள்.

தலைப்பிறை எப்படி இருக்கும்? பெருநாள் வாழ்த்து அட்டையில் அச்சிடும் பொன்னிறப் பிறையை மறந்துவிடுங்கள். முதலில் தெரிவது வெளிறிய ஒரு கீறல். வானத்தைவிட ஒரு பங்கு மட்டும் வெள்ளை. ஒரு தடவை தெரியும், கண்ணிமைத்தால் காணாமல் போகும், பிறகு அதே இடத்தில் மறுபடியும் தெரியும். அது அரைவட்டம் முழுவதும் நீளாது. இளம்பிறையின் கொம்புகள் குறைந்தே தெரியும். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒளிரும், சில வேளை அதுவும் அறுந்து அறுந்து இருக்கும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகே, வட அகலாங்கு ஏழரைப் பாகையளவில் இருப்பதால் பிறை நமக்குத் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். வயிறு எப்போதும் சூரியன் மறைந்த பக்கம். கொம்பு கீழ்நோக்கி இருந்தது என்று ஒருவர் சாட்சி சொன்னால், அவர் கண்டது விமானம் விட்டுப்போன புகைக்கோடாக இருக்கலாம், சூரிய ஒளி பட்ட முகில் கீற்றாக இருக்கலாம். சந்திரன் அல்ல.

மாதத்துக்கு மாதம் இந்தப் பாதை சாயும். மார்ச் மாத மாலைகளில் அது நிமிர்ந்து, சற்று வலப்பக்கம், அதாவது வடக்கே சாய்ந்து நிற்கும். செப்டெம்பரில் தெற்கே முப்பது பாகை சாய்ந்துவிடும். ஆகவே மார்ச்சில் சூரியன் மறைந்த இடத்துக்கு நேர்மேலே சற்று வலப்புறமும், செப்டெம்பரில் இடப்புறமும் தேட வேண்டும். இப்போது ரமழான் வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நம் கரைக்குப் பொற்காலம். மாரி ஓய்ந்துவிட்டது, வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கிறது, பிறையும் உயர்ந்து நிற்கிறது.

இந்தக் காலம் நிலைக்காது. ஹிஜ்ரி வருடம் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால் ரமழான் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. 2030ஆம் வருடத்தில் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் மறுபடியும் ரமழான் தொடங்கும். அவை நம் மாரிக்காலம். வாடைக்காற்று கொண்டுவரும் முகில் மேற்கு வரைக்கும் மூடியிருக்கும். அந்த வருடங்களில் அம்பாறைக் கரையிலிருந்து தலைப்பிறைச் செய்தி போவது அபூர்வமாகத்தான் இருக்கும். மேற்குக் கரையார் காண்பார்கள். இதற்கு மாறாக மே முதல் செப்டெம்பர் வரை அங்கே மழை, இங்கே கச்சான் வீசும் வெயில் காலம். ஒரு சின்னத் தீவுக்குள் இப்படி இரண்டு வானம் இருப்பதால்தான் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு எல்லா மாவட்டங்களிலிருந்தும் செய்தி கேட்கிறது. பழையவர்களுக்கு நினைவிருக்கும், அந்த முடிவுக்காக வானொலி முஸ்லிம் சேவையைத் திருகி வைத்துக்கொண்டு காத்திருந்த இரவுகள். இப்போது வாட்ஸ்அப்பில் முடிவுக்கு முன்பே மூன்று முடிவுகள் வந்துவிடுகின்றன.

சென்ற 2025ஆம் வருட ரமழானை எடுத்துக்கொள்வோம். அமாவாசை பெப்ரவரி 28 காலை 6.15 மணிக்கு. அன்று மாலை நம் கரையில் சூரியன் மறையும்போது சந்திரனுக்கு வயது ஏறத்தாழ 12 மணி நேரம். இலங்கையில் பிறை தென்படவில்லை, மார்ச் 2ஆம் தேதி நோன்பு தொடங்கியது. சவூதியில் மார்ச் 1. உடனே வழக்கமான கேள்வி கிளம்பியது: ஒரே சந்திரன்தானே, அங்கே தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை?

மக்காவில் சூரியன் மறைவது நமக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பிந்தி. அந்த நேரத்துக்குள் சந்திரன் சூரியனை விட்டு இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகிவிடும். எல்லையில் நிற்கும் பிறைக்கு அந்த ஒரு பாகை பெரிய விஷயம். மேற்கே போகப் போகப் பிறைக்கு வயது கூடும். கொழும்புக்கும் நமக்கும் இடையிலேயே எட்டு நிமிட வித்தியாசம் இருக்கிறது, அது பொருட்படுத்த வேண்டிய அளவல்ல. மக்கா, மொரோக்கோ, அமெரிக்கா என்று போனால் அது பெரிதாகிவிடுகிறது. ஆகவே அங்கே கண்டதும் இங்கே காணாததும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

மறுநாள் மார்ச் 1 மாலை நம் வானத்தில் கிடைத்த காட்சியைப் பலர் கவனித்திருப்பீர்கள். பிறை தடித்து, உயரமாக, மங்கிய முழுவட்டமும் தெரிய நின்றது. அந்த மங்கலான பகுதியில் தெரிவது பூமியில் பட்டுத் திரும்பிய ஒளி, அதைச் சரியாக விளக்கியவர் லியோனார்டோ டாவின்சி. அதற்கு மேலே கண்ணைப் பறிக்கும் வெள்ளி. பார்த்தவர்கள் சொன்னது: "இது இரண்டாம் பிறையல்லவா? நேற்று விட்டுவிட்டோம்!" அன்று சந்திரனின் வயது 36 மணி நேரம். பெரிதாகத்தான் இருக்கும். இன்று பெரிதாக இருப்பதால் நேற்றுக் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாகாது. இந்தச் சந்தேகம் புதிதுமல்ல. பத்னு நக்லா என்ற இடத்தில் பிறையைக் கண்ட பயணிகள் இது இரண்டு நாள் பிறையா மூன்று நாள் பிறையா என்று வாதாடி, பிறகு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் போனதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. எந்த இரவில் கண்டீர்களோ அந்த இரவுக்குரியது அது என்பதே இப்னு அப்பாஸ் அவர்கள் சொன்னதன் சாரம்.

மார்ச் 1 மாலை பைனாகுலர் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு பரிசும் கிடைத்தது. வெள்ளியும் பிறையாக இருந்தது. ஏழில் ஒரு பங்கு அளவுக்கே அதன் முகத்தில் ஒளி. வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே வரும்போது சந்திரனைப் போலவே தேயும். 1610இல் இதைத் தொலைநோக்கியால் கண்டுதான், வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலியோ உறுதியானார். அந்த ரமழான் முடிவதற்குள், மார்ச் 23இல், வெள்ளி சூரியனைக் கடந்துவிட்டது. மார்ச் 30 மாலை பெருநாள் பிறை பார்க்கப் போனவர்களுக்கு மேற்கே வெள்ளி இல்லை. அது விடிவெள்ளியாகக் கிழக்கே, நம் கடலுக்கு மேல் போயிருந்தது. நோன்பாளிகள் எத்தனை பேர் இந்த இடமாற்றத்தைக் கவனித்தோம்?

கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். 2013 நோன்புப் பெருநாள். ஆகஸ்ட் 7 மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாகச் சொன்னார்கள், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதை ஏற்கவில்லை, நாட்டில் பெருநாள் இரண்டு நாளாகப் பிளந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் வட்டிலப்பம், அடுத்த வீட்டில் நோன்பு. அன்று மாலை சந்திரனின் வயது 15 மணி நேரம். வெறுங்கண்ணால் கண்ட மிக இளம்பிறை என்று வானியலாளர்கள் குறித்து வைத்திருப்பது 1990 மே மாதம் அமெரிக்கரான ஸ்டீபன் ஓமேரா கண்டது: 15 மணி 32 நிமிடம். அவர் வானம் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். கிண்ணியாவில் சாட்சி சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிச் சொல்வதும் பொய் சொல்வதும் வேறு. ஆனால் அப்படிப்பட்ட மாலையில், சூரியன் மறைந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை முஷ்டி உயரம், கொம்பு எங்கே நோக்கியது, எத்தனை நிமிடம் நின்றது என்று கேட்டால், வானம் பழகியவனின் பதிலும் பழகாதவனின் பதிலும் ஒன்றாக இருக்காது. சாட்சிக்குக் கனம் வருவது அந்தப் பதிலில்.

இதில் ஒரு விசித்திரம். அதே ரமழானின் தொடக்க அமாவாசை 2013 ஜூலை 8. அன்று தியரி லெகோ என்ற பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர், பாரிஸ் நகருக்கு அருகே பட்டப்பகலில், சந்திரனின் வயது பூச்சியமாக இருந்த அதே கணத்தில் அதன் கீற்றைப் படம் பிடித்தார். சூரியனை மறைக்கும் தடுப்பு, அகச்சிவப்புக் கதிருக்கான கருவி எல்லாம் வைத்து. கருவி காண்பதும் கண் காண்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை அனுப்பி, "பார்த்தீர்களா, எப்போதும் தெரியும்" என்று வாதாடுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

போயா தினத்தை வைத்துப் பிறையைச் சரிபார்க்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பறுவம், அதாவது முழு நிலவு, பதினான்காம் பிறையில் வரவில்லை என்றால் மாதமே பிழை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் இடைப்பட்ட காலம் 14 நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும், பதினைந்தரை நாள் வரைக்கும் நீளும். சந்திரன் பூமிக்குக் கிட்டே வரும்போது வேகமாகவும் தூரப் போகும்போது மெதுவாகவும் ஓடுவதால் வரும் வித்தியாசம் இது. போயாவைப் பார்த்து மனத்துக்குள் ஒரு கணக்குப் போடலாம், பள்ளியில் சண்டை பிடிக்க அது போதாது.

கிரகங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மாணவர்கள் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நட்சத்திரம் மினுங்கும், கிரகம் பெரும்பாலும் மினுங்காது. மிகப் பிரகாசமாக, வெள்ளையாக, எப்போதும் மேற்கிலோ கிழக்கிலோ சூரியன் பக்கமாகவே நிற்பது வெள்ளி. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, நடு இரவில் நம் உச்சிக்கு வராது. அதற்கு அடுத்த பிரகாசத்தில், இலேசான மஞ்சளில், நடு இரவிலும் உச்சியில் நிற்கக்கூடியது வியாழன். பைனாகுலரை மதிலில் ஊன்றிப் பிடித்தால் அதன் நான்கு சந்திரன்களும் புள்ளிகளாகத் தெரியும். செவ்வாய் சிவப்பு, சனி மங்கல் மஞ்சள். புதன்தான் கள்ளன். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் வரவே வராது, அடிவானப் புகாருக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் கிட்டங்கி வெளியில் நிற்பவனுக்கு அதுவும் அகப்படும். வழுக்கிக்கொண்டே ஓடும் வெளிச்சம் செய்மதி, அதை எழுதி அனுப்ப வேண்டாம்.

ஒரு வேலை தருகிறேன். 2026 ஜூன் மாதம், கச்சான் காலம், மேற்கு வானம் திறந்திருக்கும். ஜூன் 9 மாலை வெள்ளியும் வியாழனும் இரண்டு பாகைக்கும் குறைந்த இடைவெளியில், விரல் ஒன்றால் மறைத்துவிடலாம் போல நெருங்கி நிற்கும். அன்றிலிருந்து தினமும் மஃரிபுக்குப் பின் பாருங்கள், வியாழன் நாளுக்கு நாள் வெள்ளிக்குக் கீழே இறங்கும். அவற்றுக்கு இன்னும் கீழே புதன். ஜூன் 15 காலை 8.24க்கு அமாவாசை. அன்று மாலை சந்திரனுக்குப் பத்து மணி நேர வயதுதான், எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அது அகப்படாது. ஜூன் 16 மாலை 34 மணி நேரம். அன்று சூரியன் மறைந்த இடத்திலிருந்து மேலே பிறை, அதன் அருகே புதன், அதற்கு மேல் வியாழன், அதற்கும் மேல் வெள்ளி என்று நான்கும் ஒரே பாதையில் ஏணிப்படியாக நிற்கும். ஹிஜ்ரி 1448, முஹர்ரம் மாதப் பிறை அது. ஜூன் 17 மாலை பிறை வியாழனைத் தாண்டி வெள்ளியை நெருங்கியிருக்கும்.

முஹர்ரம் பிறைக்கு யாரும் வழக்கமாக வட்டைக்குப் போவதில்லை. அதனால் கூட்டம் இருக்காது, தள்ளுமுள்ளு இருக்காது, நிம்மதியாகப் பழகலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். சூரியன் மறைந்த இடத்தை ஒரு மரத்தையோ வரம்பையோ அடையாளம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறையை முதலில் கண்ட நேரம், எத்தனை முஷ்டி உயரம், கொம்பு நோக்கிய பக்கம், மறைந்த நேரம் என்று நான்கையும் எழுதுங்கள். கண்டவர்கள் எழுதுவது போலவே காணாதவர்களும் காணவில்லை என்று எழுதுங்கள், முகில் இருந்ததா இல்லையா என்பதோடு. பள்ளிக்கூடம் தொடங்கியதும் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள். மருதமுனைப் பிள்ளை எழுதியதையும் நிந்தவூர்ப் பிள்ளை எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.